பித்தும் பேரேடும்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் படுத்துக் கிடக்கும் பாதையால் ஏறி, சுவாமிமலை உச்சியில் போய் நிற்பார்கள். கும்பிட்டு முடிந்ததும் இராவணன் வெட்டை எட்டிப் பார்ப்பார்கள். கீழே கடல் பாறையில் மோதி வெளுத்துக் கிடக்கும். கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1620களில். கோட்டை கட்ட எடுத்த கல் போக மிச்சம் கடலுக்குள் போனது. ஊருக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனால் அந்தக் கற்களிடம் நீருக்குள் போய், அவற்றைப் படம் பிடித்து, புத்தகமாக்கிக் காசாக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது 1956இல், வெளியூரிலிருந்து வந்த சில கடல்பித்தர்களுக்கு.

அவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் உலகம் அவரை விண்வெளிக் கதைகளின் பேராசானாகக் கொண்டாடியது. அன்று அவர் சுழியோடும் ஆசை தலைக்கேறிய ஆங்கில எழுத்தாளர், அவ்வளவுதான். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குப் போகும் வழியில் அவர் வந்த கப்பல் கொழும்பில் அரை நாள் நின்றது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய விலங்கியலாளர் றொட்னி ஜொங்க்லாஸ் அவரைச் சந்தித்து, இலங்கைக் கடலைப் பற்றிச் சொன்னார். அந்த அரை நாள் போதுமாக இருந்தது. 1956இல் கிளார்க், தன் சுழியோடி நண்பர் மைக் வில்சனோடு திரும்பி வந்தார். 2008 மார்ச்சில் இறக்கும்வரை இந்த நாடே அவருக்கு வீடு.

விண்வெளியைப் பற்றி எழுதுகிறவருக்குக் கடலில் என்ன வேலை? அவரே விடை சொல்லியிருக்கிறார்: மனிதன் எடையில்லாமல் மிதப்பதை அந்தக் காலத்தில் அனுபவித்துப் பார்க்க இருந்த ஒரே இடம் நீரடி. நிலாவுக்குப் போக முடியாதவர் நிலாவெளிக்கு வந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பிடித்ததைத் தொழிலாக்கிக்கொள், பிறகு ஒரு நாளும் வேலை செய்ததாகவே தோன்றாது என்று இப்போது மேடைதோறும் புத்திமதி சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்று சோதிக்க கிளார்க், வில்சன், ஜொங்க்லாஸ் என்ற இந்த மூவரின் கதையைவிட நல்ல உரைகல் இலங்கையில் கிடைப்பது அரிது. மூவருக்கும் கடல் ஒன்று, பித்து ஒன்று. மூவரின் பேரேடும் மூன்று விதமாக முடிந்தது.

சுவாமிமலை அடியில் அவர்கள் கண்டவை செதுக்கிய தூண்களும் சதுரக் கற்களும். வில்சன் அங்கே ஒரு சிவலிங்கத்தையும் கண்டார். கிளார்க் எழுதிய 'தப்ரபேனின் பவளத்திட்டுகள்' 1957இல் வெளிவந்தது. திருகோணமலைக் கடலடியை உலகச் சுழியோடிகளுக்கு அறிமுகம் செய்த நூல் அது. கோயிலின் வெண்கலத் திருமேனிகள் சில 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டிருந்தன. புதிய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள்ளிருந்து வந்த இந்தச் செய்தி ஊருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். வந்தவர்களுக்கு அது தொல்பொருள். ஊருக்குத் தெய்வம்.

தெய்வத்தை விற்க முடியாது. கதையை விற்கலாம். வில்சன் சினிமாவுக்குப் போனார்.

'ரன்முத்து தூவ' 1962 ஓகஸ்டில் திரைக்கு வந்தது. முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம். இயக்கியவர் மைக் வில்சன். தயாரிப்பில் அவரோடு கிளார்க்கும் நடனக் கலைஞர் சேஷா பலிஹக்காரவும் நின்றார்கள். நாயகன் காமினி பொன்சேகா, இசை அமரதேவ. கதை கடலடிப் புதையலைச் சுற்றியது. நீரடிக் காட்சிகளுக்குத் திருகோணமலைக் கடல்.

இதில் வணிகம் தெரிந்தவர் எவரும் கை வைத்திருக்கமாட்டார். நீருக்குள் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு நிறம் அநேகமாகக் காணாமல் போய்விடும், பிறகு எல்லாமே நீலச்சாம்பல்தான். வண்ணப்படம் எடுக்கிறவர் ஆழத்துக்கும் நிறத்துக்கும் இடையே பேரம் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். சோளகம் பலமாக அடித்தால் அலை, வாடை தொடங்கினால் கலங்கல். நடிகருக்கு நீந்தத் தெரிய வேண்டும், படப்பிடிப்பாளருக்கு மூச்சைக் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். இத்தனை தொல்லையையும் செலவாகப் பார்க்காமல் விளையாட்டாகப் பார்த்த ஆட்கள் கையில் அகப்பட்டதால்தான் அந்தப் படம் பிறந்தது. நல்ல வசூலும் கண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே திருகோணமலைத் துறைமுகத்திலேயே ஆள் உண்டு. சீனன்குடாப் பக்கத்து மாவாலை 1980 முதல் கோதுமை அரைக்கிறது. ஏ. வை. எஸ். ஞானம் 1982இல் தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் இங்கேதான். இவை இங்கே வந்ததற்குக் காரணம் ஆழம். பெரிய கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்கும், உலகில் வெகு சில இயற்கைத் துறைமுகங்களுக்கே அந்த வசதி உண்டு. மாவாலை நடத்துகிறவர் கடலைக் காதலிக்கத் தேவையில்லை. கடல் ஆழமாக இருந்தால் போதும். அவர்களுக்கும் ஒரு வேட்கை இருந்திருக்கும், அது வேறு ரகம். ஆனால் கடற்கணக்கு இரண்டிலும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவேண்டும்: ஆலைக்கு எவ்வளவு ஆழம் என்பது வரைபடத்திலேயே இருந்தது. நீரடித் தொழிலுக்குச் சந்தையே இருக்கவில்லை. இல்லாத சந்தை ஒன்றை உண்டாக்குகிற இடத்தில்தான் பித்து வேலை செய்கிறது.

ஆய்வாளர்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். மெலிசா கார்டனும் கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், தொழில்முனைவோரின் வேட்கையை ஒரே பொருளாகக் கொள்ளாமல் பிரித்தார்கள். புதிதாகக் கண்டுபிடிப்பதில் ஒருவருக்கு மோகம், தொழிலை நிறுவுவதில் இன்னொருவருக்கு மோகம், நிறுவியதை வளர்ப்பதில் வேறொருவருக்கு. முதலாவது இருக்கிறவரிடம் மூன்றாவது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வில்சனை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். அவர் முதலாம் ரகத்தின் உச்சம்.

அதே 2009இல் ஷியாவ்-பிங் சென், ஷின் யாவ், சுரேஷ் கோதா மூவரும் வேறொரு கேள்வியை எடுத்தார்கள். முதலீடு கேட்டு வருகிறவர் கண்களில் தெரியும் வேட்கைக்குப் பணம் போடுகிறவர் மசிகிறாரா? மசியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. முதலீட்டாளரின் தீர்மானத்தை அசைத்தது ஆயத்தம்: கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாரா, கேள்விக்கு விடை இருக்கிறதா என்பது. சோனகத்தெருக் கடைக்காரர் எவரைக் கேட்டிருந்தாலும் ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார். கடனுக்கு வருகிறவனின் கண்ணைப் பார்த்துக் கொடுக்கிறவரின் கடை எத்தனை நாளைக்கு?

வில்சனுக்கு இந்தச் சோதனை வைக்க ஆளிருக்கவில்லை. அவருடைய முதலீட்டாளர் அவருடைய நண்பர்.

'ரன்முத்து தூவ' வெளிவந்த 1962இலேயே கிளார்க்கிற்குத் தலையில் அடிபட்டு உடல் செயலிழந்து படுக்கையில் கிடக்கும் நிலை வந்தது. மெல்ல மெல்லத் தேறினார். தொடர்ந்து எழுதினார். பணம் வந்த வழி எழுத்து, போன வழி படம். 1964இல் அடுத்த படம் 'கெடவரயோ'. பிறகு ஜேம்ஸ் பொண்ட் படங்களைக் கேலி செய்யும் 'சொருங்கெத் சொரு', 1967. இந்த ஆண்டுகளில் கிளார்க், ஸ்டான்லி கியூப்ரிக்கோடு சேர்ந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை உருவாக்கிக்கொண்டிருந்தார். நாவலை வெளியிடக் கியூப்ரிக் இணங்காமல் இழுத்தடிக்க, கொழும்பில் படச்செலவு ஏற, அவர் கடனில் மாட்டினார். உலக சினிமாவின் தலைசிறந்த விண்வெளிப் படத்தின் ஆசிரியர் ஒரு சிங்களப் பொண்ட் கேலிப்படத்துக்குக் காசு தேடி அலைந்தார் என்பது வரலாற்றின் குறும்பு.

வில்சனைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். எந்த நேரத்தில் எது பிடித்ததோ அதற்குத் தன்னை முழுதாகக் கொடுத்தவர். 1961இல் தென்கடலில் இராவணன் கோட்டைப் பாறைத்திட்டு அருகே, கடலடிச் சிறுபடம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளி நாணயங்கள் உறைந்து கட்டியான புதையலைக் கண்டவரும் அவர்தான். ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள், ஹிஜ்ரி 1113, அதாவது 1702 அச்சு. (திருகோணமலையில் வெட்டு, தெற்கில் கோட்டை. இந்தக் கூட்டத்தை இராவணன் விடவேயில்லை.) அந்த வெள்ளியாலும் யாரும் செல்வந்தராகவில்லை. ஒரு கட்டி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. கிளார்க்கிற்கு மிஞ்சியது இன்னொரு புத்தகம்.

பிறகு வில்சன் எல்லாவற்றையும் விட்டார். படம், கடல், வணிகம், எல்லாம். காவி கட்டி, சுவாமி சிவகல்கி ஆனார். 1995இல் காலமானார். சுவாமிமலையடியில் கண்ட லிங்கமே அந்தத் திசைக்குத் தள்ளியது என்று பக்தர்கள் சொல்வதுண்டு. வணிக ஆய்வாளர்களிடம் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

கனேடிய உளவியலாளர் ராபர்ட் வலரன் 2003இல் வைத்த பாகுபாடு இங்கே சற்று உதவும். வேட்கை இரண்டு வகை என்கிறார். ஒன்றில் ஆள் வேட்கையை வைத்திருக்கிறார், வேண்டாத நேரத்தில் இறக்கி வைக்க முடியும். மற்றதில் வேட்கை ஆளை வைத்திருக்கிறது. மிதிவண்டிப் பிரியர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். கியூபெக்கின் குளிர்காலத்தில், பனி உறைந்த தெருவில், விழுந்தால் எலும்பு முறியும் என்று தெரிந்தும் வண்டியை எடுத்தவர்கள் இரண்டாம் வகையினர். கிழக்குக் கரையில் இதற்கு நேர்நிகர் வாடைக்காலத்தில் கடலில் இறங்குவது. கார்த்திகை, மார்கழியில் கடல் வேண்டாம் என்று சொல்லும்போது வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்து வலை பொத்துகிற மீனவர், வலரனைப் படிக்காமலே முதல் வகையில் சேர்ந்தவர்.

இதைத் தொழிலுக்குள் கொண்டு வரத் தெரிந்தவர் ஜொங்க்லாஸ்.

மூவரில் அதிகம் பேசப்படாதவர் அவர், இந்தக் கட்டுரைக்கு அதிகம் வேண்டியவரும் அவரே. விலங்கியல் படித்தவர். இளமையில் நீரடி ஈட்டி வேட்டையில் பெயர் வாங்கியவர். பிறகு ஈட்டியை வைத்துவிட்டுச் சிறுவலையை எடுத்தார். பவளத்திட்டு மீன்களை உயிரோடு பிடித்து மேல்நாட்டு மீன்தொட்டிகளுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரானார். 1975இல் கடல் அலங்கார மீன்களைச் சேகரிக்கும் முறை பற்றி ஒரு கைந்நூலும் எழுதினார்.

இந்தத் தொழிலைக் கிட்டப்போய்ப் பார்த்தால் பித்து எங்கே காசாகிறது என்பது புரியும். விரல் நீள வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. அதை மேலே கொண்டு வருவதுதான் காரியம். ஆழத்தில் அழுந்தியிருந்த காற்றுப்பை, மேலே வர வர விரியும். அவசரப்பட்டால் மீன் வயிறு ஊதி மிதக்கும், அது செத்ததற்குச் சமம். கையில் அழுத்திப் பிடித்தால் உடம்பின் வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். தொட்டியில் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைக் கடித்துக் குதறும். பொலித்தீன் பையில் ஒட்சிசன் நிரப்பி முடிச்சுப் போடுவதற்கு முன் ஒரு நாள் இரை போடக்கூடாது, போட்டால் தன் கழிவிலேயே மூச்சடைத்துச் சாகும். மறுபக்கத்தில் பெட்டியைத் திறக்கும்போது மீன் நீந்தினால்தான் விலை. இவை ஒவ்வொன்றும் மீனை மணிக்கணக்கில் சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தவருக்குத் தெரிகிற சங்கதி. ஜொங்க்லாஸின் காதலும் கணக்கும் ஒரே இடத்தில் இருந்தன. மீனுக்கு எது நல்லதோ அதுவே வியாபாரத்துக்கும் நல்லதாக அமைந்தது.

அமைந்தது என்று சொல்வதும் முழு உண்மையல்ல. பிடிக்கத் தெரிந்தவர் ஒருவராக இருக்கும்வரை அமைந்தது. பலர் பிடிக்கத் தொடங்கியபோது திட்டுகளுக்கு என்ன ஆகும் என்ற கவலை அவரிடமே இருந்தது. வேட்டைக்காரராகத் தொடங்கியவர் வாழ்வின் பிற்பகுதியில் பவளத்திட்டுகளைக் காக்கப் பேசியும் எழுதியும் வந்தார்.

கிளார்க் தொழிலுக்கு ஒருவகையில் திரும்பி வந்தார். ஹெக்டர் ஏகநாயக்கவோடு சேர்ந்து 'அண்டர்வோட்டர் சபாரிஸ்' என்ற நிறுவனத்தைக் கட்டினார். சுழியோடக் கற்றுக்கொடுத்து, கருவி தந்து, கடலுக்குக் கூட்டிப் போகும் தொழில். திருகோணமலையருகே சிறிய சுழியோடும் பள்ளியும் எளிய கடையும் வைத்தார். தென்மேற்கில் அவர்களது தளம் ஹிக்கடுவை. இந்த இரண்டு இடத் தேர்வுக்குப் பின்னால் பருவக்காற்று நிற்கிறது. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கிழக்குக் கடல் தெளிந்திருக்கும், மேற்கு கொந்தளிக்கும். பிறகு எல்லாம் தலைகீழ். ஒரு கரையில் மட்டும் கடை வைத்தால் அரை வருடம் பட்டினி. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் கிழக்கே வந்து வாடி போடுவது இதே கணக்கில்தான். சுற்றுலாத் துறை இதைக் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே சம்மாட்டிமாருக்கு இது மனப்பாடம்.

பித்து தொழிலில் நிலைக்க இப்படி ஒரு எலும்புக்கூடு வேண்டியிருக்கிறது: பருவம், படகு, சம்பளம், காற்றுருளை நிரப்பும் கம்பிரசர் பழுதானால் உதிரிப்பாகம். 1983க்குப் பின் போர் கிழக்குக் கடலை அடைத்தபோது எந்தப் பித்தும் உதவவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஹிக்கடுவைத் தளத்தைக் கடற்கோள் அழித்தது.

வேட்கையைப் புகழும் கட்டுரைகள் சொல்லாமல் விடுகிற ஒரு பக்கம் உண்டு. அதே கடல், அதே காற்றுருளை, ஆனால் வேறு சுழியோடிகள். சங்கும் கடலட்டையும் குளிக்கிறவர்கள் ஒரு நாளில் பல தடவை ஆழத்துக்கு இறங்கி ஏறுகிறார்கள். இறங்கியதற்கு ஏற்ற நேரம் எடுத்து ஏறாவிட்டால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போவதில் முடியலாம். இவர்களிடம் போய்க் கடலில் வேட்கையா என்று கேட்பது மரியாதையல்ல. பிள்ளையின் பள்ளிச்செலவு இருக்கிறது, இறங்குகிறார்கள்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தைத் தொடுகிறது. ஒருவர் தன் வேலையை நேசிக்கிறார் என்று தெரிந்தால், அவரைக் கூலியில்லாமல் கூடுதலாக வேலை வாங்குவதும், விடுமுறை நாளைப் பறிப்பதும் அவ்வளவு தவறில்லை என்று மற்றவர்கள் நினைக்கத் தொடங்குகிறார்களாம். 'அவனுக்குக் கடலென்றால் உயிர், காசைப் பற்றிக் கவலைப்படமாட்டான்' என்று முதலாளி சொல்லும்போது, உயிர் யாருடையது, காசு யாருடையது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கிளார்க்கின் பித்துக்கு எழுத்து வருமானம் முட்டுக்கொடுத்தது. முட்டு இல்லாதவரின் பித்தை அதே தராசில் நிறுக்க முடியாது.

இன்னொரு ஆய்வு பழைய நம்பிக்கையைத் திருப்பிப் போடுகிறது. மைக்கேல் கீல்னிக் குழுவினர் 54 தொழில்முனைவோரை எட்டு வாரம் வாரந்தோறும் கேட்டு 2015இல் வெளியிட்டது. வேட்கை இருந்ததால் உழைத்தார்கள் என்பதைவிட, உழைத்த வாரத்துக்குப் பிறகு வேட்கை கூடியது என்று கண்டார்கள். நிலாவெளியில் இன்று பயணிகளைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றிச் செல்லும் படகோட்டிகளில் பலர் மீன்பிடியிலிருந்து வந்தவர்கள். மீனை விலையாகப் பார்த்துப் பழகிய கண். ஆனால் பருவம் முழுக்க ஒரே திட்டைச் சுற்றி வந்த பிறகு, கறுப்புமுனைச் சுறாக்குட்டிகள் எந்தப் பக்கத்தில் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிறவர்கள் அவர்களுக்குள் உருவாகிறார்கள். அந்த அறிவு மோகத்திலிருந்து வரவில்லை, தொழிலிலிருந்து மோகம் வந்தது.

புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் கடல் சூடேறி, ஹிக்கடுவை உட்பட மேற்கு, தெற்குக் கரைகளின் பவளம் வெளுத்துச் செத்தபோது, திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. அதாவது கிளார்க் கூட்டம் கொண்டாடிய திட்டுகளில் இன்றும் உயிரோடு இருப்பவற்றை எண்ணினால் இதற்கு முதல் வரிசையில் இடம். 2009இல் போர் முடிந்ததும் சனம் குவிந்தது. காலையில் கரையில் பெரிய பேசின்களில் முகமூடிகளும் மூச்சுக்குழாய்களும் ஊறிக் கிடக்கும். ஒரு படகு இறக்கியதும் அடுத்தது. நீந்தத் தெரியாதவர் இடுப்பளவு நீரில் தடுமாறி, கால் ஊன்ற ஏதாவது தேடுவார். அகப்படுவது மான்கொம்புப் பவளம். வருடக்கணக்கில் வளர்ந்தது ஒரு மிதியில் முறியும்.

ஆழ்கடல் பக்கத்திலும் இதே கதை. திருகோணமலைக் குடாவுக்குள்ளேயே தொடங்கி 3,000 மீட்டருக்கும் மேல் இறங்கும் ஆழ்பள்ளத்தாக்கு இருப்பதால், நீலத் திமிங்கிலம் இங்கே கரைக்கு அருகிலேயே வரும். சுவாமிமலையில் நின்றே அதன் மூச்சுப் பீச்சலைக் காணலாம். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள், ஹால் வைட்ஹெட் போன்றவர்கள், இங்கே திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். போர் அதை அறுத்தது. 2008 வாக்கில் திமிங்கிலச் சுற்றுலா தெற்கே மிரிசவில் தலையெடுத்தது. அங்கும் முதலில் இருந்தவர்கள் கடல் ஆய்வாளர்களும் இயற்கைப் பித்தர்களுமான ஒரு கைப்பிடி. அடுத்த சில ஆண்டுகளில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் வளைத்து விரட்டும் காட்சி வழக்கமானது. அங்கே பித்தர்கள் திறந்த கதவால் நுழைந்தவர்களுக்குத் திமிங்கிலம் ஒரு சீட்டு விலை.

திருகோணமலைக்கு இன்னும் அந்த அளவு நெருக்கடி வரவில்லை. புறாமலைக்குப் போகிறவர்கள் கரையில் படகு பேசும்போது விலையை மட்டும் கேட்காமல், எங்கே இறக்குவீர்கள், கால் ஊன்ற மணல் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 'அந்தப் பக்கம் கூட்டிப் போகமாட்டேன், அங்கே பவளம்' என்று சொல்லிக் கிராக்கியைத் தட்டிக்கழிக்கிற ஓட்டி ஒருவர் இருப்பார். அவருடைய படகில் ஏறுங்கள், அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.